ஏழாம் நம்பருக்கு நாலு குடம்

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக் காட்டவே காட்டாதே. காட்டுவதற்கு நீ இங்கே இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கையால் ஒன்றை எழுதி வைத்தால் அது எப்படியாவது யார் கண்ணிலாவது பட்டுவிடுகிறது. அப்படி வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். இது ஒரு பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள். உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அம்மாவும் தம்பியும் தூங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு இன்று நைட் ஷிப்ட். நான் கதவுப் பக்கமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் பென் டிரைவ் என் மடியில் இருக்கிறது, நீ கழுத்தில் மாட்டிக்கொள்வாயே, அந்த நீல நாடாவோடு. நாடாவை மூக்கருகே கொண்டுபோனால் தேங்காயெண்ணெயும் பவுடரும் வியர்வையும் கலந்து உன் வாசனை வருகிறது. நாலு மாதம் ஆகியும் போகவில்லை. கழுத்தில் மாட்டினால் என் வாசனை ஏறிவிடும் என்று பயந்து நான் அதைப் பையில்தான் வைத்துக்கொள்கிறேன்.

பென் டிரைவுக்குப் பக்கத்தில் இரண்டு தாள்கள். இரண்டும் நம் பிளாக்கின் தண்ணீர் லிஸ்ட்தான். ஒன்றில் 07க்கு நேரே நாலு குடம் என்று இருக்கிறது. இன்னொன்றில் 07க்கு நேரே இரண்டு குடம். நாளைக்கு விடிகாலையில் லாரி வருவதற்குள் இந்த இரண்டில் ஒன்றை நான் மாடிப்படிக்குக் கீழே ஒட்ட வேண்டும். எதை என்று தெரியவில்லை. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். சொல்லிப் பார்த்தால் எனக்காவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் உன் அம்மா பெருக்கித் துடைக்கப் போவார். ஸ்கூல் விட்டதும் நீ அங்கேயே போய்விடுவாய், காலியாக இருக்கிற ஏதாவது ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சென்டர் அண்ணன் விட்டிருந்தார். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். திரையில் ஏதோ கோணல் அடைப்புக்குறிகளாக இருந்தது. "இது பேரு ஸாமல். ஸ்கிரீன்ல இன்னா தெரியணும்னு எழுதுற பாஷை" என்றாய். எனக்குச் சாம்பல் என்றுதான் காதில் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? எண்ணூர் பவர் ஹவுஸ் பக்கமிருந்து காற்று அடித்தால் நம் பிளாக்கில் காயப்போட்ட துணி, ஜன்னல் கம்பி, ஊறப்போட்ட அரிசி எல்லாவற்றிலும் அதுதானே.

"இன்னாடி, கம்ப்யூட்டருக்குள்ளயும் சாம்பல் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

நீ மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாய். அண்ணன் உள்ளேயிருந்து, "சிரிக்கிறதுன்னா பீச்சாண்ட போய் சிரிங்க. இங்க கிளாஸ் நடந்துகினு கீது" என்று கத்தினார். அதன் பிறகு நமக்கு அது சாம்பல்தான். "இன்னிக்கு சாம்பல் எழுதப் போறேன்" என்பாய். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் புரியாது.

தண்ணீர் லிஸ்ட் போடலாம் என்று முதலில் சொன்னது நீயா நானா என்பது இப்போது எனக்கு நினைவில்லை. சண்டை மட்டும் நினைவிருக்கிறது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றுவிட்டால் தண்ணீர் லாரி அவற்றின் பின்னால் மாட்டிக்கொள்ளும். நம் பிளாக்குக்கு வரும்போது நேரமும் இருக்காது, பாதி டேங்க்கும் இருக்காது. முதலில் ஓடிவந்தவர்களுக்குக் கிடைக்கும். மேல்மாடிக்காரர்கள் இறங்கி வருவதற்குள் குழாயை மூடிவிடுவார்கள். குடத்தால் அடித்துக்கொண்டதில் ஒருவருக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். அன்று சாயங்காலம் நீ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நானும் வந்தேன். இருபத்து நாலு வீட்டிலும் கதவைத் தட்டி, எத்தனை பேர் என்று கேட்டு எழுதினாய். தலைக்கு இரண்டு குடம். பதினாறாம் நம்பரில், கைக்குழந்தை தலையில் சேர்த்தியா இல்லையா என்று கேட்டார்கள். நீ எட்டி அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு, "தலை கீதா இல்லியா? கீதில்ல. அப்ப தலைதான்" என்று எழுதிக்கொண்டாய்.

அதைத்தான் பென் டிரைவில் இரண்டு ஃபைலாக வைத்தாய். ஒன்றில் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு நம்பர், எத்தனை தலை, எத்தனை தடவை தண்ணீர் கிடைக்காமல் விட்டுப்போனது, அவ்வளவுதான். இன்னொன்று உன் சாம்பல் ஃபைல். அதைத் திறந்தால் ஒரு ஜன்னலில் லிஸ்ட் வரும். வரிசையாக வரும். எனக்கு அதுதான் புரியவே இல்லை.

ஸ்கூலில் மிஸ் வரிசைப்படுத்தச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? இரண்டு எண்ணை எடு, ஒப்பிட்டுப் பார், பெரிதாக இருந்தால் இடத்தை மாற்று, அடுத்ததற்குப் போ, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பி. ஒரு பக்கம் முழுக்க எழுதினோம். உன் ஃபைலில் நான் அதைத் தேடினேன். ஒப்பிடுகிற இடமும் இல்லை, மாற்றுகிற இடமும் இல்லை. இரண்டே வரிகள். முதல் வரியில், விட்டுப்போன தடவை, பெரிதிலிருந்து சிறிது. இரண்டாவது வரியில், கதவு நம்பர், சிறிதிலிருந்து பெரிது. அத்தோடு முடிந்துபோயிற்று.

"அப்ப வரிசைல வெக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"அது வெச்சுக்கும்."

"எங்க வெக்கிது? எந்த வரில?"

"ஐய, எப்படின்னு சொல்லாத. இன்னா வேணும்னு மட்டும் சொல்லு. மிச்சத்த அது பாத்துக்கும்."

எனக்குக் கோபம்கூட வந்தது. எப்படி என்று சொல்லாமல் ஒரு வேலை எப்படி நடக்கும்? அம்மாவிடம் போய், எனக்கு மீன்குழம்பு வேணும் என்று சொன்னால் மீன்குழம்பு வருகிற மாதிரியா என்று கேட்டேன். "அதே அதே" என்றாய். என் அம்மா அப்படி இல்லை என்றேன்.

அந்த இரண்டு வரியை எழுதிவிட்டு நீயும் இரண்டு நாள் அழாத குறையாக இருந்தாய், அதையும் சொல்ல வேண்டும். திறந்தாலே சிவப்பாக ஏதோ வந்து நின்றது. ஃபைலின் தலையில் இன்னொரு வரி வேண்டும் என்று மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தாய். "கீழ நான் கூப்புடுற ஆளு எந்த வூட்டு ஆளுன்னு மேலயே சொல்லி வெக்கணுமாம்டி. இல்லாட்டி அதுக்குத் தெரியாதாம்" என்று ஸ்கூல் கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாய்.

முதல் லிஸ்ட்டை ஒட்டிய காலை மறக்க முடியுமா? சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டு நாம் பெருமையாகப் பக்கத்திலேயே நின்றோம். இரண்டாம் நம்பர் அக்கா வந்தார். விரலை வைத்துத் தேடினார். ஒன்று இருந்தது. அதற்கு அடுத்து பத்து. பதினொன்று, பன்னிரண்டு என்று பத்தொன்பது வரை போய், அதற்கப்புறம்தான் இரண்டு.

"ஏ பொண்ணுங்களா, இங்க வாங்க. ஒண்ணுக்கு அப்பால இன்னா வரும்?"

"ரெண்டு வரும்க்கா."

"இங்க பத்து வந்துகீது. எனக்கும் ஒண்ணுக்கும் நடுவுல பத்து வூடு எங்கேர்ந்துடி முளைச்சுது? பன்னெண்டாங் கிளாஸ் படிச்சு கிழிக்கிறாளுங்க, ஒண்ணாங் கிளாஸ்ல இன்னா படிச்சாளுங்க தெர்லயே!"

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நாம் உன் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். நீ கட்டிலில் குப்புறப் படுத்து ரொம்ப நேரம் யோசித்தாய். "அதுக்கு இது எண்ணுன்னே தெரியலடி" என்றாய் கடைசியில். "பேரு மாதிரி படிக்கிது. அனாவுல ஆரம்பிக்கிறதெல்லாம் ஒண்ணா வர்ற மாதிரி, ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் ஒண்ணா வெச்சிகிது." அப்புறம் ஒன்பது வீட்டுக்கு முன்னாலும் ஒரு சைபர் போட்டாய். 01, 02, 03. வரிசை சரியாகிவிட்டது. அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"எனக்கு எதுக்கு முட்டை போட்ட? நான் இன்னா பெயிலா?"

"உங்களுக்கு மட்டும் இல்லக்கா, ஒம்போது பேருக்கும் போட்டுகீறேன். எங்க வூட்டுக்கும்தான்."

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவர் கதவில் பெயின்ட்டால் 2க்கு முன்னால் ஒரு கொழுத்த சைபர். லிஸ்ட்டில் ஒரு நம்பர், கதவில் ஒரு நம்பர் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதாம். அவரைப் பார்த்து மற்ற எட்டு வீடும் போட்டுக்கொண்டது. உங்கள் கதவிலும் எங்கள் கதவிலும் நீதான் வரைந்தாய். எங்கள் சைபர் கொஞ்சம் ஒழுகிவிட்டது. இப்போதும் ஒழுகினபடியே இருக்கிறது. தபால்காரர் மட்டும் இன்றுவரை, "இது இன்னா பிளாக்மா, போன் நம்பர் மாதிரி வெச்சினுகீறீங்க?" என்று கேட்பார்.

அதற்குப் பிறகு சண்டை நின்றது. போன தடவை யாருக்கு விட்டுப்போனதோ அவர்கள் அடுத்த தடவை முதலில். லாரி டிரைவரே லிஸ்ட்டைப் பார்த்து நம்பர் கூப்பிட ஆரம்பித்தார்.

உனக்குக் காய்ச்சல் வந்து கண் மஞ்சளானதையும், பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்ததையும் நான் எழுத மாட்டேன். எழுத வரவில்லை. ஒன்று மட்டும். நான் பார்க்க வந்தபோது நீ பென் டிரைவைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். "இருவத்தி நாலு எப்பவும் கடைசில மாட்டுதுடி. சமமா இருந்தா அதுதான கடைசி. அதுக்கு இன்னா பண்றதுன்னு யோசிக்கணும்" என்றாய். நான் சரி என்றேன். யோசிக்கவில்லை. நீ வந்து யோசிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நீ போன பிறகும் லிஸ்ட்டை நான்தான் போடுகிறேன். லாரி வந்த சாயங்காலம் சென்டருக்குப் போய் யாருக்கு விட்டுப்போனது என்று ஏற்றுவேன். அண்ணன் ஒன்றும் கேட்காமல் பிரின்ட் எடுத்துத் தருவார். முதல் தடவை போனபோதே 07 வரியைப் பார்த்தேன். தலை இரண்டு. உன் அம்மாவும் நீயும். அதை ஒன்று ஆக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து. நான் ஆக்கவில்லை. அடுத்த தடவை செய்யலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த தடவையும் அப்படியே.

ஏமாற்றத்தான் செய்தேனா? அப்போது அப்படித் தோன்றவில்லை. உன் அம்மாவால் நாலு குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாது, எனவே நான்தான் தூக்குகிறேன். லாரி நாளுக்கு முந்தின ராத்திரி அவர் வந்து காலிக் குடங்களை எங்கள் வாசலில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நாலு குடம். உனக்கும் சேர்த்துத்தான் வைக்கிறார். அந்தத் தண்ணீர் எதற்கு என்று எனக்குத் தெரியும். உன் யூனிபாரத்தைத் துவைக்கிறார். துவைத்துக் கொடியில் போடுகிறார், அதில் சாம்பல் விழுகிறது, மறுபடியும் துவைக்கிறார். நீலப் பாவாடை வெளுத்துப்போய் ஓரம் நைந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நான் எப்படி அந்த இரண்டை ஒன்று ஆக்குவேன்?

பிளாக்கில் யாரும் கேட்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுவரை.

இருபத்து நாலில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், உனக்குத் தெரியாது. அந்த அக்காவுக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. மூன்று தலை, ஆறு குடம். நேற்றுக் காலை அவருக்கு நாலு குடம் பிடித்ததும் டேங்க் காலி. அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். பாதியாவது கிடைத்த வீடு என்பதால் அது விட்டுப்போன கணக்கில் ஏறாது. நாம் அப்படித்தான் வைத்திருந்தோம், இரண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை. அவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நேராக லிஸ்ட்டிடம் போனார். மேலிருந்து கீழே படித்தார்.

"ஏழாம் நம்பர்ல ஒரு அம்மாதான கீறாங்க? நான் வந்த நாளா வேற யாரையும் பாக்கலியே. அவங்களுக்கு இன்னாத்துக்கு நாலு குடம்?"

அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எல்லோருக்கும் தெரியும். நாலு மாதமாக எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு பொண்ணு இருந்து தவறிப்போச்சுன்னு சொன்னாங்க. போனதுக்கும் ரெண்டு குடமா? எம்புள்ளைக்கு பால் கலக்க தண்ணி இல்ல, இங்க இன்னா நியாயம் நடக்குது?" அவர் பேச்சு கோபத்தில் தொடங்கி அழுகையில் முடிந்தது.

இரண்டாம் நம்பர் அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "லிஸ்ட்டு உங்கையில தான கீது. அது கேக்குறதுலயும் தப்பு இல்ல. அடுத்த லாரிக்குள்ள பாத்து சரி பண்ணிக்கினு வா, கண்ணு."

சரி பண்ணு என்றால் எதை? அவர் சொல்லவில்லை. நான் திரும்பினேன். படிக்கட்டில், பாதியில், உன் அம்மா நின்றிருந்தார். கையில் ஈர யூனிபாரம். எப்போது வந்தார், எதையெல்லாம் கேட்டார், தெரியவில்லை. துணியைப் பிழிந்தபடியே மேலே ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் சென்டருக்குப் போனேன். வீடுகள் ஃபைலைத் திறந்தேன். 07 வரியில் அந்த இரண்டுக்குப் பக்கத்தில் கோடு மினுக் மினுக்கென்று நின்றது. அழி, அழி என்று என்னைத் துரத்துகிற மாதிரி இருந்தது. முடியவில்லை. அதை மூடிவிட்டு உன் சாம்பல் ஃபைலைத் திறந்தேன். என் புத்தி எப்படிப் போயிற்று என்று கேள். வரிசையே இல்லாமல் நம்பர்கள் கலைந்துபோய்விட்டால் யாரும் ஏழைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டேன். இருபத்து நாலும் தாறுமாறாகச் சிதறிப்போகும் என்று எதிர்பார்த்துத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், 07.

எதை மறைக்க நினைத்தேனோ அது தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூடித் திறந்தேன். மறுபடியும் 07. அதற்கு அடுத்து 08. அப்புறம் 16. அப்புறம் 15. அப்புறம் ஒரேயடியாக 03. இது என்ன வரிசை? சின்னதிலிருந்து பெரியதும் இல்லை, பெரியதிலிருந்து சின்னதும் இல்லை. நான் கெடுத்துவிட்டேன், எல்லாம் போயிற்று என்று அழுகை வந்தது.

அப்புறம்தான் 16 மேல் கண் நின்றது. கைக்குழந்தை வீடு. தலை கீதா இல்லியா என்று நீ கேட்ட வீடு. அதற்குப் பிறகு 15இல் வறுத்த மீன் வாசனை வந்து, "எழுதுறத அப்பால எழுதலாம், மொதல்ல துண்ணுங்க" என்று இரண்டு துண்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. இருட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, மெழுகுவத்தி வெளிச்சம் தெரிந்த 03இன் கதவைத் தட்டினாய். அந்தச் சாயங்காலம் நாம் நடந்த வழி அது. உன் வீடு, என் வீடு, அப்புறம் பிளாக். நீ நோட்டில் எழுதிய அதே வரிசையில் ஃபைலிலும் டைப் அடித்து வைத்திருக்கிறாய். அது அப்படியே அடியில் இருந்திருக்கிறது. இத்தனை நாள் லாரிக்கு லாரி மேலே வரிசை மாறிக்கொண்டே இருந்தது, அடியில் நாம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

நீ ஒரு தடவை சொன்னாய், எனக்கு அப்போது புரியவில்லை. "காட்டுறதுதான்டி மாறுது. வெச்சது வெச்ச எடத்துலயேதான் கீது."

இன்று புரிந்ததா என்று கேட்டால் அதுவும் சொல்லத் தெரியவில்லை. வெச்சது வெச்ச இடத்திலேயே இருக்குமென்றால், நான் அந்த இரண்டை ஒன்று ஆக்கினாலும் நீ இருப்பாயா? இல்லை, அது வேறு கணக்கா? வரிசையை மாற்றினால்தான் அடியில் ஒன்றும் ஆகாது. நான் மாற்ற வேண்டியது அடியில் இருக்கிற அந்த ஒரு எழுத்தையேதான். அதற்கு நீ ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அழித்த இரண்டு வரியையும் மறுபடியும் போட்டேன். முதலில் தலைகீழாகப் போட்டு, பிறகு சரி செய்தேன். நாலு குடம் என்று ஒரு பிரின்ட். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டை ஒன்று ஆக்கி, இரண்டு குடம் என்று இன்னொரு பிரின்ட். அதைத் திரும்பவும் இரண்டாகவே மாற்றிவைத்து மூடிவிட்டேன். அண்ணன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எது ஒட்டப் போற?" என்றார். தெரியாது என்றேன். அவர் இரண்டையும் மடித்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் தோன்றியது. எங்கள் வீட்டில் நாலு தலை. என் தலையை 08இலிருந்து எடுத்து 07இல் போட்டுவிட்டால்? எங்களுக்கு ஆறு குடம், உன் அம்மாவுக்கு நாலு. செத்தவர் பேரில் ஒரு சொட்டு இருக்காது. இருபத்து நாலுக்கும் முழுதாகக் கிடைக்கும், மொத்தத்தில் இரண்டு குடம் குறைகிறதல்லவா? மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் அம்மா என்னை உரித்துவிடுவார். "எங்க பூந்து எங்க வர்றா பாரு, பெத்தவ இங்க கீறேன், இவ அங்க தலையாம்" என்பார். பிளாக் முழுக்கக் கேட்கும். உன் அம்மாவுக்கும் கேட்கும். அது அவருக்கு எப்படி இருக்கும்? அவர் உனக்கென்று வைக்கிற குடத்தில் நான் போய் உட்கார்ந்துகொள்கிற மாதிரி ஆகிவிடாதா?

எப்படின்னு சொல்லாத, இன்னா வேணும்னு மட்டும் சொல்லு என்றாயே. எப்படி என்பதெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. எந்த ஃபைல், எந்த வரி, எந்த எழுத்து. என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் வேண்டும். உன் பாவாடைக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே லிஸ்ட்டில் எப்படிச் சொல்வது? இரண்டு வரி எழுதினால் எந்த வரி முதலில்?

என் இடுப்பில் இரண்டு பக்கமும் குடம் அழுத்தித் தழும்பு விழுந்துவிட்டது. அம்மா பார்த்து, "நம்ம குடத்துக்கு இவ்ளோ ஆவாதே" என்றார். எங்கள் குடத்தை இடது பக்கமும், உங்கள் குடத்தை வலது பக்கமும்தான் எப்போதும் தூக்குகிறேன். வலது பக்கம் கொஞ்சம் கறுத்துவிட்டது. தொட்டால் வலிக்கிறது. அது போய்விடக் கூடாது என்றும் இருக்கிறது.

உன் அம்மா இன்னும் வரவில்லை. வழக்கமாக இந்நேரம் வந்திருப்பார். நேற்று அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்றால் இனி வரவே மாட்டாரோ? இல்லை, கேட்கவே இல்லையோ? பென்சிலை எடுத்து இரண்டு தாளிலும்

கதவு தட்டுகிற சத்தம். ஒரே தட்டு.

அம்மா தூக்கத்திலேயே, "யாரது?" என்கிறார். இன்று முதலில் தட்டிவிட்டு இப்போதுதான் வைக்கிறார். பிளாஸ்டிக் குடம் சிமென்ட்டில் உட்கார்கிற சத்தம். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டு.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது சத்தத்துக்காக